சீர்வரிசையில் வந்த நாற்காலி

மரியாதைக்குரிய டைரக்டர் ஐயா அவர்களுக்கு, உங்களைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. தாங்கள் கோலாலம்பூரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலத்துக்கு என்ன குறைச்சல்? மாமன் வீட்டுப் பெண், மாமன் வீட்டு பஸ் கம்பெனி, மாமன் வீட்டு நாற்காலி, எல்லாம் ஒரே தாம்பாளத்தில் வந்து இறங்கியிருக்கிறது. ராசா, கோபம் ஆறட்டும் என்று சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. சமைத்தால் உப்பு கூடிப் போகிறது, பள்ளிக்கூடத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். அதனால் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். இதை நீ உன் மாமாவிடம் காட்டினாலும் சரி, ஈப்போ பஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டினாலும் சரி, எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

குனோங் ராபாட்டில் உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்குப் பெருமையாக இருந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. பெண் வீட்டார் தட்டு வரிசை வைத்தார்கள். பழம், கற்கண்டு, பூ, வேட்டி, எல்லாம் முறைப்படி வந்தது. கடைசியாக ஒரு தட்டு, பட்டுத்துணி மூடி வந்தது. என் கூடப்பிறந்தவன், உன் மாமா, அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். "மாப்பிள்ளைக்கு மோதிரம் சங்கிலி எல்லாரும்தான் போடுறாங்க லா. நம்ம மாப்பிள்ளைக்கு நான் நாற்காலியே போடுறேன்!" என்று சொல்லித் துணியை எடுத்தான். உள்ளே பளபளவென்று பித்தளைப் பெயர்ப்பலகை. உன் பெயர். பெயருக்குப் பின்னால், நீ இன்னும் எழுதாத பரீட்சையின் பட்ட எழுத்துகள். அதற்குக் கீழே மேனேஜிங் டைரக்டர். கூடம் முழுக்கக் கைதட்டல். நீ எழுந்து மாமா காலில் விழுந்தாய். பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதை கேட்டிருக்கிறேன், பாஸாகுமுன் பலகையில் பட்டம் வெட்டிய கதையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுப்படிக்கு உன்னைத் தனியாக அழைத்து, கடைசிப் பேப்பர் என்ன ஆச்சு என்று கேட்டேன். மாமா கம்பெனி மீட்டிங்குக்கு நாள் குறித்த அதே காலையில்தான் கோலாலம்பூரில் பரீட்சை என்றாய். அந்த நாளை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் நாற்காலி ஏற மாட்டார்கள், ஆவணியில் கல்யாணம் வந்துவிடும் என்று உன் மாமா பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிட்டானாம். "பரீட்சைய அடுத்த தடவகூட எழுதிக்கலாம்மா. இந்த எடம் அடுத்த தடவ வருமா?" என்றாய். சரி, பலகையில் வெட்டியிருக்கிற எழுத்துக்கு என்ன பதில் என்று கேட்டேன். கையில் லட்டை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் யாரும்மா கேக்கப் போறா?" என்றாய். ராசா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். யார் கேட்கப் போகிறார்கள்! நீ படிக்கப் போனதே நம் கம்பெனி டைரக்டர்கள் மேசையில் கேட்க ஆளில்லை என்றுதானே, மறந்துவிட்டதா?

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். சுங்கை சிப்புட் பக்கத்தில் நாம் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்களே, அப்போது நீ சின்னப் பையன். உன் அப்பா தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய வெள்ளைக்காரத் துரை கெட்டவனாக இருந்தாலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்ற ஒரு லாரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு லாரி என்று விட்டு வைத்திருந்தான். துண்டு வாங்கிய புது முதலாளிகள் அதையும் நிறுத்தினார்கள். பால்வெட்டு முடித்த சனம் வெயிலில் பெரிய ரோடு வரைக்கும் நடந்தது. உன் அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு ஓட்டை பஸ் வாங்க நினைத்தார்கள், பணம் போதவில்லை. லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் பங்கு போட்டார்கள். தோடு கழற்றிக் கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். கூட்டுறவு என்று நினைத்துக் கொடுத்தார்களோ, கோயில் வரி என்று நினைத்துக் கொடுத்தார்களோ, உன் அப்பா முகத்துக்குக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கம்பெனி. இது உன் மாமா வீட்டுச் சீதனம் அல்ல, தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக் கொடுப்பதற்கு.

உன் அப்பா போன பிறகு உன் மாமா தலைவரானான். கருமாதி முடிந்த கையோடு என்னிடம் வந்து, "அத்தான் எடம் காலியா இருக்கக் கூடாதுக்கா, நீ வந்து ஒக்காரு" என்றான். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறவள். கம்பெனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு எனக்கு இருந்த தகுதி தாலி அறுத்தது ஒன்றுதான். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருவர் நகைக்கடை வைத்திருந்தார், அதனால் டைரக்டர். இன்னொருவர் கோயில் பொருளாளர், திருவிழாவில் ஆறாம் நாள் உபயம் அவருடையது, அதனால் டைரக்டர். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப் புழுக்கை எதற்குக் காய்கிறது என்று இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த மீட்டிங்கை நீ வந்து பார்த்ததில்லை, கேட்டுக்கொள். கோயில் கமிட்டிக் கூட்டம் எப்படியோ அப்படியேதான். முதலில் தலைவருக்குச் சந்தனம். பிறகு யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் ஒரு முகச்சுளிப்பு. நகைக்கடைக்காரர் விசிறிக்குக் கீழேதான் உட்காருவார். பொருளாளர் தலைவருக்கு வலது கைப் பக்கம்தான் உட்காருவார், இடது பக்கம் போட்டால் அன்றைக்கு முறுக்கைத் தொடமாட்டார். உன் மாமா பேசுவான். முடித்ததும், "என்ன சொல்றீங்க?" என்பான். "நீங்க பாத்துச் செஞ்சா சரிண்ணே" என்பார்கள். கைதட்டல். தீர்மானம் நிறைவேறியது! தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டு வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மரத்துக்குப் போவார்களே, அவர்களாவது பிறகு வேலை செய்தார்கள். இவர்கள் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தலைவர் சொன்னதை மறுத்துப் பேசுவது சாமி பிரசாதத்தைத் தட்டிவிடுவது போல ஒரு பாவம் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். படிக்காதவர்கள் அல்ல, ராசா. கடை நடத்தத் தெரிந்தவர்கள், மகளைக் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் ஏழு தலைமுறையை விசாரிக்கத் தெரிந்தவர்கள். அந்த மேசைக்கு வந்ததும் வாயில் கொழுக்கட்டை.

இப்படி இருந்தவர்கள்தான் எக்ஸ்பிரஸ் பஸ் வாங்கினார்கள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு, குளிர்சாதனம், உள்ளே படம் போடுகிற டிவி, சாய்கிற சீட்டு. உன் மாமா கனவு கண்டான், மற்றவர்கள் கைதட்டினார்கள். வண்டிகள் வந்து இறங்கின. அந்தப் பூசை உனக்கு நினைவிருக்க வேண்டும், தேங்காய் உடைத்ததே நீதான். குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைக்குக் கீழே நம் ஷெட்டில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, பஸ் முகத்தில் என் இடுப்புக் கனத்துக்கு மாலை சாத்தி, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார், எலுமிச்சம்பழம் நசுங்கியது, பஸ் வாசல் கேட்டு வரைக்கும் போய் நின்றது. அதற்கு மேல் போகக் கூடாது. ஏனென்றால் கோலாலம்பூர் ரோட்டில் ஓடப் பெர்மிட் இன்னும் வரவில்லை! விண்ணப்பம் போட்டிருக்கிறோம், வந்துவிடும் என்று உன் மாமா சொன்னான். அப்படியானால் எதற்கு ஐயா பூசை? நல்ல நாள் போய்விடுமே, அதற்காக. பெர்மிட்டுக்கு முன்னால் முகூர்த்தம் பார்த்த கம்பெனி உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். பெர்மிட் வரவே இல்லை. வேறு யாருக்கோ போயிற்று. அது மேலிடத்தில் ஆள் உள்ளவனுக்குத்தான் போகும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், நம் டைரக்டர்களைத் தவிர. மாலை காய்ந்து, உதிர்ந்து, கடைசியில் பைனான்ஸ்காரன் வந்து வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனான். அவனுக்கும் வாசலில் தேத்தண்ணி கொடுத்தார்கள் நம் ஆட்கள், மரியாதை தெரிந்தவர்கள் பார்!

கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போகப் பார்த்தான். வைகுண்டம் கிடைக்கவில்லை, கோழியும் போயிற்று. கடனை அடைக்க எந்த பஸ் லைனில் வருமானம் குறைவு என்று பார்த்தார்கள். தோட்டத்து லைன். நிறுத்தினார்கள். அதற்கும் கைதட்டல்தான். அடுத்த வாரம் அஞ்சலை நம் வீட்டுக்கு வந்தாள், நீ உள்ளே இருந்தாய். உன் அப்பாவுக்குத் தோடு கழற்றிக் கொடுத்தவர்களில் அவள் ஒருத்தி. ரப்பர் பால் வாடை போகாத சட்டையோடு வாசற்படியில் நின்றாள், உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "டீச்சரம்மா, அந்த பஸ்ஸு எங்க பஸ்ஸுதானே? எங்க பஸ்ஸ நிறுத்துறதுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா? மக டவுன் பள்ளிக்கூடத்துல மூணாம் பாரம் படிக்குது. இப்ப அவள நிறுத்திப்புட்டேன். தெனம் அவ்ளோ தூரம் பொட்டப்புள்ளய எப்படி நடக்க விடுறது?" என்றாள். நான் என்ன சொல்வது? மீட்டிங்கில் முறுக்கு நன்றாக இருந்தது என்றா?

அவள் போன பிறகு நீ வெளியே வந்தாய். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். "அம்மா, அந்த மேசையில ஒருத்தன்கூட பெர்மிட் இருக்கான்னு கேக்கலியா?" என்றாய். கேட்கவில்லை என்றேன். "கேக்கத் தெரியலியா, கேக்கப் பயமா?" என்றாய். இரண்டும்தான் என்றேன். அந்த வருஷமே நீ கோலாலம்பூருக்குப் போனாய். பகலில் ஒரு ஆபீசில் குமாஸ்தா வேலை, சாயங்காலம் அந்த லண்டன்காரர்களின் கம்பெனி நிர்வாகப் படிப்பு. உன் மாமா சிரித்தான். "டைரக்டர் ஆவுறதுக்கு என்னாக்கா படிப்பு? ஒக்காந்தா டைரக்டர், எழுந்தா இல்ல!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. லீவில் நீ வரும்போது அந்தத் தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக் கொடுப்பாய். டைரக்டர் தலைவனுக்கு வேலைக்காரன் இல்லையம்மா, கம்பெனிக்குக் கடமைப்பட்டவன், தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பாய். மீன் கழுவிக்கொண்டே கேட்பேன். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது, ஆனால் என் பிள்ளை வாயிலிருந்து வருகிறதே என்று நெஞ்சு நிறையும். சொல்லிவிடுகிறேன், நீ பிறந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

நீ சொன்னதை நம்பி அடுத்த மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தேன். தோட்டத்து லைனைத் திரும்ப ஓட்ட என்ன வழி, பங்குக்காரர்களுக்கு எப்போது விளக்கம் சொல்லப் போகிறோம் என்று கேட்டேன். பொருளாளர் கூரையைப் பார்த்தார். நகைக்கடைக்காரர் விசிறியைப் பார்த்தார். உன் மாமா என்னைப் பார்த்துச் சிரித்து, "தேத்தண்ணி ஆறிப் போவுதுக்கா, குடி" என்றான். அவ்வளவுதான் பதில். நான் விடவில்லை, ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்கிறேன், ஒவ்வொரு மீட்டிங்கிலும் தேத்தண்ணி ஆறிப் போகிறது. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கேள்விதான், ராசா. அடுத்த கேள்வி கேட்க எனக்குப் படிப்பில்லை. என் பிள்ளை வருவான், சட்டம் தெரிந்து வருவான், இவர்களை உட்கார வைத்துக் கேட்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

வருகிறாயே, எப்படி வருகிறாய் பார்! மாமனார் தூக்கிக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவன் மாமனாரை எப்படிக் கேட்பான்? உன் வாயை அடைக்கத்தான் அந்தத் தட்டு என்று உனக்குத் தெரியவில்லையா? அவன் முட்டாள் இல்லை. பாஸ் பண்ணி வந்தால் நீ யாருக்கும் கடன்படாமல் வருவாய், அதுதான் அவனுக்கு ஆகாது. பட்டம் வாங்கினவனெல்லாம் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. பேருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி எழுத்துகளைக் கோத்துக்கொண்டு, மேடையில் ஏறித் தோட்டத்து மக்களே விழித்தெழுங்கள் என்று பேசிவிட்டு, கீழே இறங்கியதும் யார் மாலை பெரியது என்று பார்க்கிறவர்களை நம் ஊரில் நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் அவர்களாவது பரீட்சை எழுதினார்கள். நீ அதுகூட இல்லாமல் பலகை மாட்டப் பார்க்கிறாய். அவர்களைவிட ஒரு படி கீழே போகவா உன்னைப் படிக்க வைத்தேன்? கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து அவளே வந்தாள். "அத்தே, அப்பா என்னையும் அந்த நாற்காலியையும் ஒண்ணா சேர்த்துக் குடுக்கிறாரு. எது வேணும்னு ஒங்க மகன்கிட்ட கேளுங்க, ரெண்டுல ஒண்ணுன்னா என்ன விட்டுட்டு அத தூக்கிக்கிட்டுப் போயிடுவாரு போலிருக்கே" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, கண் சிரிக்கவில்லை. அவளுக்கும் வெட்கமாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இன்று காலையில் உன் மாமா வீட்டுக்குப் போனேன். மீட்டிங்கை வேறு நாளுக்கு மாற்று, பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வரட்டும் என்றேன். "நாள் பாத்தாச்சுக்கா" என்றான். பஸ்ஸுக்கும் நாள் பார்த்தாய் என்றேன். முகம் கறுத்துவிட்டது. "ஒன் பிள்ளைக்கு நல்லது செய்யிறேன், நீயே குறுக்க நிக்கிறியே, நீயெல்லாம் தாயா?" என்றான். எழுந்து வந்துவிட்டேன். என்னோடு பிறந்தவன் என் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்டான், நான் அழவில்லை. வழியில் பாசாரில் மீன்கூட வாங்கினேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

அதனால் கேட்டுக்கொள். அந்த மீட்டிங்குக்கு நான் போவேன். தலைவர் உன் பெயரைச் சொல்லுவார், எல்லாரும் கை தட்டுவார்கள். நான் எழுந்து, என் மகனுக்கு இன்னும் தகுதி வரவில்லை, எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லுவேன். தாயே வேண்டாம் என்கிறாளே என்று ஈப்போ முழுக்கப் பேசும், பேசட்டும். அதைக் காதால் கேட்டுக்கொண்டு நீ அங்கே நின்றால், அதற்குப் பிறகு நம் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடிக்கொண்டுதான் இருக்கும், இருந்தாலும் சொல்லுவேன். நீ கோலாலம்பூரில் பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, அஞ்சலைக்கும் அவள் மாதிரிச் சனங்களுக்கும் பதில் சொல்ல வருகிற அன்றைக்கு உன் பெயரை நானே முன்மொழிவேன், எவன் தடுக்கிறான் என்று பார்க்கிறேன். உன்னைப் பெற்ற நாளிலிருந்து, நீ எப்போது வருவாய் என்று வாசலைப் பார்த்தே பழகினவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வருகிறாயா என்று பார்த்தேன், தீபாவளிக்கு வருகிறாயா என்று பார்த்தேன். உன் பரீட்சை நடக்கிற அன்றைக்குக் காலையிலும் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்து கதவையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்துவிடாதே, ராசா.